வலதுபக்கக் கீழ்மூலை

கண்ணைப் பிடித்து இழுக்கும் படத்தை நாம் கருத்தியலாகப் பார்த்திருக்கிறோம், ஏமாற்றாகப் பார்த்திருக்கிறோம், வேலையாகப் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில் நானும் நண்பர்களும் கட்-அவுட்டுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அல்தூசரை அரைகுறையாகப் படித்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலை நெடுக நின்ற பிம்பங்களையெல்லாம் கட்டுடைத்தோம். அந்தக் கட்-அவுட்டுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியவன் யார், தலைவரின் கன்னத்து நிழலுக்குப் பச்சை பூசியவன் யார், அவனுக்கு என்ன கூலி என்று ஒரு வரி எழுதவில்லை. பிம்பம் தன்னைத் தானே வரைந்துகொண்டு ரோட்டோரம் வந்து நின்றதுபோல எழுதினோம். பாண்டியனைக் குறை சொல்லவில்லை, அவர் கேட்ட கேள்வி வேறு. எங்களுக்குத்தான் வேறு கேள்வி தோன்றவே இல்லை. அந்தக் கடனை எனக்கு நினைவூட்டியது ஒரு பப்ஜி வீடியோ.

அக்கா மகன் சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். யூடியூபில் வரும் விளையாட்டு வீடியோக்களுக்குத் தம்ப்நெயில் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. கட்டைவிரல் நகம் என்பது சொல்லின் பொருள். ஓவியர்கள் பெரிய படத்துக்கு முன்னால் போட்டுப் பார்க்கும் சின்னக் கிறுக்கலுக்கும் அதே பெயர்தான். வீடியோவைத் தொடுவதற்கு முன் தெரியும் அந்தச் சிறுபடத்தில் ஓர் இளைஞனின் திறந்த வாய், பக்கத்தில் தலைக்கவசம் மாட்டிய பொம்மைச் சிப்பாய், ஒரு மஞ்சள் வட்டம், ஒரு சிவப்பு அம்புக்குறி, தடித்த எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள். முதலில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"என்னடா இது, கட்சிக்காரன் பேனர் மாதிரி?" என்றேன்.

"அதேதான் மாமா. அங்கதான கத்துக்கிட்டேன்."

அவன் சொன்னது பதிலுக்குச் சொன்ன பேச்சு அல்ல, வரலாறு. மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தவன் அவன். அந்தக் கடைக்காரரோ அதற்கு முன்னால் தூரிகை பிடித்தவர்.

தூரிகைக் காலத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அண்ணா சாலையில் நின்ற பிரம்மாண்டங்கள் புறநகருக்கு வராது. பல்லாவரம் ஜனதா, குரோம்பேட்டை வெற்றி, தாம்பரம் வித்யா என்று எங்கள் தியேட்டர்களுக்கு வந்தவை நடுத்தர அளவுதான். ஆனால் முறை ஒன்றே. சினிமா ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பெரிதாக்குவார்கள். முகம் மூத்தவருடையது. உடையும் பின்னணியும் சிறுவர்களுக்கு. எழுத்துக்குத் தனி ஆள். கிட்டத்தில் பார்த்தால் நாயகியின் மூக்கு ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். பஸ்ஸில் போகிறவனுக்கு அது நிழல். வரைபவர் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூரிகையை டப்பாவில் போட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து ஒரு புருவத்தைத் திருத்துவார். பார்க்கிறவன் நிற்கிற இடத்தில் தானும் போய் நிற்பது அந்தத் தொழிலில் பாதி. அதை நாங்கள் டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்த்தோம், எங்கள் கோட்பாட்டுக்குள் கொண்டுவரவில்லை. சென்னையின் பேனர், கட்-அவுட் கலைஞர்களைக் கவனித்து எழுதியவர் பிரேமிந்தா ஜேக்கப். அவர் நூல் 2009இல் அமெரிக்காவில் வந்தது. அதற்குள் இங்கே அந்தக் கூடங்கள் பெரும்பாலும் மூடியாகிவிட்டன.

பேனரின் கீழே ஒரு மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். மோகன் ஆர்ட்ஸ் அவற்றில் ஊரறிந்தது. அது கூடத்தின் பெயர்தான், கட்டம் போட்ட பையனின் பெயர் அல்ல. ஆனாலும் யாரோ செய்தார்கள் என்பதற்கு அங்கே ஓர் அடையாளம் இருந்தது.

பேனர் அவர்களுடையது என்றால் சுவர் எங்களுடையது. கட்சிகள் ஆண்டுக் கணக்கில் முன்பதிவு செய்து எழுதிவைத்த சுவர்களுக்கு நடுவே மிச்சமான சந்துச் சுவர்களில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சுண்ணாம்படித்து நீலத்தில் எழுதுவோம். திறந்தவெளிகளின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. போலீஸ்காரருக்கு அதன் பெயர் தெரியாது, எங்களுக்குத் தெரியும். எனக்கு எழுத்து சுமார். ஆனால் வாசகம் கொடுப்பவன் நான்தான். மின்சார ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்று சொல்லுக்கு மேல் படிக்க நேரமில்லை என்று தோழர்களிடம் வாதாடுவேன். தத்துவம் பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு, மாலையில் கொடுத்தால் காலையில் கட்டலாம். ஓவியக் கூடங்கள் விழுந்தன. நாங்கள் அதைக் கலாச்சாரச் சீரழிவு என்று எழுதினோம். இங்கே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஃப்ளெக்ஸின் அடிவரிசையில் பாஸ்போர்ட் அளவு முகங்கள் வரிசையாக இருக்குமே, கூலிங் கிளாஸ் போட்ட இருபது பையன்கள், அவர்களுடைய முகம் அதற்கு முன் எந்தப் பொதுவெளியில் இருந்தது? மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஓர் ஏழை வீட்டு முகம் தெருமுனையில் எட்டடிக்கு நின்றது ஃப்ளெக்ஸால்தான். அதே ஃப்ளெக்ஸில் சாதிச் சங்கங்களின் வீச்சரிவாளும் நின்றது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களிடம் சொல் இல்லை. சீரழிவு என்ற ஒற்றைச் சொல் கைவசம் இருந்தது, போட்டுவிட்டோம்.

டிராஃபிக் ராமசாமி தனியாளாகப் பேனர்களைக் கிழித்துக்கொண்டு திரிந்த காலம் அது. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் வைக்கக் கூடாது என்றே ஓர் உத்தரவு போட்டது. அது நிலைக்கவில்லை. ஆனால் என்ன விசித்திரமான உத்தரவு! செத்தவன் முகத்துக்கு மட்டும் தெருவில் அனுமதி.

2019 செப்டம்பர் 12. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில், பள்ளிக்கரணை அருகே, வேலை முடிந்து ஸ்கூட்டரில் குரோம்பேட்டை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சுபஸ்ரீ மீது சாலைத் தடுப்பில் கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவருக்கு வயது 23. பேனர் அ.தி.மு.க. பிரமுகர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தது, அனுமதி இல்லாதது. நீதிமன்றம் கொதித்தது. நடிகர்கள் தங்களுக்கு பேனர் வேண்டாமென்று ரசிகர்களிடம் சொன்னார்கள். அச்சுக் கடைகள் மீதும் அதிகாரிகளின் கண் திரும்பியது. தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் வேளச்சேரி, மேடவாக்கம், பல்லாவரம் பக்கத்து டிசைனர் பையன்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேரும். எங்கள் வீட்டுப் பையன் அவர்களில் ஒருவன். "அந்த அக்கா செத்ததுக்கு அப்புறம் மவுஸ தொடவே கை வரல மாமா" என்றான். அவன் செய்த பேனர் அல்ல அது. ஆனால் அவன் செய்ததும் அப்படித்தான், காற்றில் ஏதோ ஒரு கயிற்றை நம்பி நின்றது.

ஆறு மாதத்தில் ஊரடங்கு. 2020 ஜூனில் சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மறுபடி முழுசாகப் பூட்டியபோது, தெருவில் பேனர் பார்க்க ஆளே இல்லை. எல்லாக் கண்ணும் கைப்பேசிக்குள் போயிருந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டாவைக் கிட்டத்தட்ட இலவசமாக்கியதில் தொடங்கிய நகர்வு அங்கே முடிந்தது. பையன்கள் பப்ஜி ஆடினார்கள், ஆடாத நேரத்தில் அடுத்தவன் ஆடுவதைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு முகப்புப் படம் தேவைப்பட்டது. முதலில் கைப்பேசியில் பிக்ஸல்லேப், பிக்ஸ்ஆர்ட். பிறகு பழைய கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப். முகத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி, விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்து, பின்னால் ஒளி வைப்பது ஃப்ளெக்ஸில் அண்ணனின் பிறந்தநாளுக்குச் செய்த அதே வேலை. ஒரு படத்துக்கு ஒரு பிரியாணி விலை, சில நேரம் அரைப் பிரியாணி. "இன்னும் கொஞ்சம் பளிச்னு வேணும் ப்ரோ" என்று நள்ளிரவில் குரல்பதிவு வரும்.

அளவு 1280க்கு 720 புள்ளி. அவ்வளவு பெரிதாகச் செய்துவிட்டு அவன் ஒன்று செய்கிறான்: படத்தை நகம் அளவுக்குச் சுருக்கி, கைப்பேசியை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான். முகம் தெரிகிறதா, சொல் படிகிறதா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூரிகையை டப்பாவில் போட்டுச் சாலையைக் கடந்துபோய் நின்றவரின் அதே செயல். அவர் சிறியதைப் பெரிதாக்கித் தூரப் போனார், இவன் பெரியதைச் சிறிதாக்கிக் கிட்ட இருக்கிறான்.

விளையாட்டு 2020 செப்டம்பர் 2இல் தடைசெய்யப்பட்டது; 118 செயலிகள், எல்லைப் பிரச்சினை, சீனா. 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது, ரத்தம் பச்சை நிறத்தில். 2022 ஜூலையில் மறுபடி கடையிலிருந்து தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போயிற்று. டெல்லியில் ஒரு கையெழுத்து விழும்போதெல்லாம் சேலையூர் மாடியில் ஒருவனுக்கு வேலை போனது, இல்லையென்றால் இரட்டிப்பானது. ஏனென்றால் விளையாட்டு இல்லாதபோது அது திரும்பி வருகிறது என்ற வதந்தியே வீடியோ.

இங்கேதான் நான் வருகிறேன். 2020 கடைசியில் ஒரு ராத்திரி, "மாமா, நீங்கதான் எழுதுவீங்கள்ல. திரும்ப வருதுன்னு ரெண்டே வார்த்தைல சொல்லணும், பாக்கறவன் நிக்கணும்" என்றான். யோசிக்கவே இல்லை. பழைய கை. "வருது வருதுன்னு எழுதாத. 'வந்தாச்சு'ன்னு போடு. ஆச்சரியக்குறி ஒண்ணு போதும்" என்றேன். மஞ்சளில் தடித்து எழுதினான். வீடியோ நன்றாக ஓடியதாம். விளையாட்டு வரவில்லை. நாலாம் நாள் எதிர்வீட்டுச் சிறுவன், பன்னிரண்டு வயது, அப்பாவின் கைப்பேசியில் எதையோ இறக்கி அது வைரஸாகி அடிவாங்கினான். அழுதுகொண்டே அவன் காட்டியது என் சொல் இருந்த படம். வராத ஒன்றை வந்தாச்சு என்று சுவரில் எழுதிய ஆள்தான் நான். அப்போது அதை நம்பிக்கை என்று அழைத்தோம். தோழர்கள் கோபிப்பார்கள், தெரியும். ஆனால் இலக்கணத்தில் இரண்டும் ஒன்று. நடக்காததற்கு முடிந்த காலம். சுவரில் எழுதியபோது மறுநாள் காலை யாராவது கரியால் பதில் எழுதிவைப்பார்கள், ஒரு தடவை 'எங்கடா?' என்று எழுதியிருந்தான். அந்தச் சிறுவன் எங்கே போய் எழுதுவான்? ஒவ்வொருவன் கைக்கும் தனித்தனிச் சுவர், பக்கத்தில் நிற்பவனுக்கு வேறு சுவர்.

2021 ஜூனில் பப்ஜி நேரலைகளில் பெண்களை ஆபாசமாகப் பேசிய ஒரு தமிழ் யூடியூபரைத் தருமபுரியில் பிடித்தார்கள், குண்டர் சட்டமும் போட்டார்கள். அந்தப் பேச்சைப் பற்றி எல்லோரும் பேசினோம். பெண் முகத்தைத் தூண்டிலில் மாட்டும் முகப்புப் படங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எங்கள் வீட்டுப் பையனிடமும் ஒருவன் கேட்டிருக்கிறான், இன்ஸ்டாகிராமிலிருந்து யாரோ ஒரு பெண்ணை எடுத்து வைக்கச் சொல்லி. செய்தாயா என்றேன். பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, 'வந்தாச்சு' சொன்னவன் எந்த வாயால் கேட்பது.

யாருக்காக இந்த முகம் வாயைத் திறக்கிறது? திரையில் ஒரு படம் தோன்றிய நூறு தடவையில் எத்தனை தடவை விரல் தொட்டது என்று யூடியூப் கணக்கு வைத்திருக்கிறது. பாதிச் சேனல்களுக்கு இது 2இலிருந்து 10 விழுக்காட்டுக்குள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதாவது தொண்ணூறு பேர் தாண்டிப் போவதற்குத்தான் இவன் விடிய விடிய விழிக்கிறான். தொடக்க காலத்தில் யூடியூபே வீடியோவிலிருந்து மூன்று சட்டங்களைப் பிடுங்கிக் கொடுக்கும், ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகுதான் சொந்தப் படம் வைக்கும் உரிமை வந்தது, இவனுக்கு வேலையும் வந்தது. 2024இலிருந்து இவன் மூன்று படம் செய்து கொடுக்கிறான். யூடியூப் மூன்றையும் ஆட்களிடம் காட்டிப் பார்த்து எது நிற்கிறது என்று முடிவு செய்கிறது. ஒரு படத்துக்கான கூலி மூன்று படத்துக்கு. அதே ஆண்டு டிசம்பரில், தலைப்பிலும் முகப்பிலும் இல்லாததைச் சொல்லி ஏமாற்றும் வீடியோக்களை இந்தியாவில் நீக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. தொடச் சொல்வதும் அவர்கள், தொட்டால் அடிப்பதும் அவர்கள். இப்போது படத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தாங்களே செய்துகொள்கிறார்களாம். பழைய ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தாராம்.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். சொற்களை இடதுபக்கமே அடுக்கினான். வலதுபக்கக் கீழ்மூலை காலியாகக் கிடந்தது. "அங்க உன் பேரப் போடேன், சின்னதா" என்றேன்.

"அங்க எதுவும் போடக் கூடாது மாமா. வீடியோ எத்தன நிமிஷம்னு அங்கதான் வரும். கறுப்புக் கட்டத்துல மூடிடும்."

நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டினான். அந்த மூலையில் 14:32 என்று இருந்தது.