முற்றத்துக்கு வந்த பிளாஸ்டிக் புல்



"நாய் நிக்கிற இடமெல்லாம் புல் பட்டுப் போகுது. பின்வளவுக்குப் பிளாஸ்டிக் புல் போட்டால் என்ன?" இந்தக் கேள்வி இப்பொழுது எங்கள் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. விலையையும் நிறத்தையும் விற்பவர்கள் சொல்லித் தருவார்கள். இந்தப் புல் எதற்காகப் பிறந்தது, எப்படி வீட்டு வேலிக்குள் வந்தது என்பதை இம்மாதப் பேச்சில் பார்ப்போம்.

முதலில் உண்மையான புல். எங்கள் ஊரில் முற்றம் என்றால் காலையில் விளக்குமாற்றால் கூட்டிய மண் முற்றம். அங்கே புல் முளைத்திருந்தால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். புற்தரையைப் பெருமையாக வளர்த்தவர்கள் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள். பயிரும் இடாமல் சும்மா விட்ட நிலத்தை, கூலியாட்களை வைத்து அரிவாளால் ஒரே மட்டத்தில் வெட்டுவித்து வைத்திருப்பது அவர்களின் செல்வத்துக்குச் சாட்சி. 1830ஆம் ஆண்டில் எட்வின் பியர்ட் படிங் என்பவர், துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதன்பின்னரே சாதாரண குடும்பங்களும் புற்தரை வைத்திருக்க முடிந்தது. அகதிகளாக வந்த நாங்களும் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் புல்வெட்டத் தொடங்கினோம்.

செயற்கைப் புல் அமெரிக்காவில் பிறந்தது. 1950களில், நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லை, அவர்களின் உடல்வலு குறைகிறது என்ற கவலை அங்கே எழுந்தது. ஃபோர்ட் அறக்கட்டளையின் ஆதரவுடன் தொடங்கிய முயற்சியில், மொன்சான்ரோ கம்பனியின் கிளை நிறுவனம் நைலோன் இழைகளால் ஒரு விரிப்பைச் செய்தது. 1964இல் றோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள மோசஸ் பிறவுண் பாடசாலையில் அது விரிக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் கெம்கிராஸ்.

அதற்குப் புகழ் தந்தது ஹூஸ்டன் நகரின் அஸ்ட்ரோடோம் அரங்கு. கூரையுள்ள இந்தப் பெரிய அரங்கு 1965இல் திறக்கப்பட்டபோது உள்ளே உண்மையான புல்தான் இருந்தது. வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒளிபுகும் தகடுகள் பதித்திருந்தார்கள். அந்தக் கூச்சத்தில் உயர எழும் பந்து விளையாட்டு வீரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள். வெயிலின்றிப் புல் செத்தது. மிச்சப் பருவத்தைப் பட்டுப்போன புல்லிலும் வர்ணம் அடித்த மண்ணிலும் விளையாடி முடித்தார்கள். 1966இல் அங்கே கெம்கிராஸ் விரிக்கப்பட்டு, அரங்கின் பெயரால் அஸ்ட்ரோடர்ஃப் ஆனது.

எங்கள் பக்கத்து மக்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது ஹொக்கி. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹொக்கி நடந்தது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

1990களில் இழையை நீளமாக்கி, இடையில் மணலும் பழைய ரயர்களை அரைத்த இறப்பர் துகளும் நிரப்பினார்கள். புல் மென்மையானது. பிறகு வந்தது வரட்சி. அவுஸ்திரேலியாவில் 1990களின் பிற்பகுதி முதல் 2009 வரை நீடித்த பெருவரட்சியில், 2007இல் மெல்பேணில் புற்தரைக்குத் தண்ணீர் விடுவதே தடைசெய்யப்பட்டது. அப்படியான காலத்தில் பிளாஸ்டிக் புல் சிக்கனமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கலிபோர்னியாவிலும் இதே கதை. வரட்சியின் நடுவே, 2015இல், வீட்டுக்காரர் செயற்கைப் புல் போடுவதை நகரசபைகள் தடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எட்டே வருடத்தில், 2023இல், தடுக்கலாம் என்று சட்டம் மாறியது. நுண்பிளாஸ்டிக், இரசாயனங்கள் பற்றிய அச்சம் இடையில் வளர்ந்திருந்தது.

இனி நாயிடம் வருவோம். நாயின் சிறுநீரில் நைதரசன் அதிகம். ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் புல் கருகும். ஆனால் அந்த நைதரசனை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் உரமாக மாற்றுகின்றன. கருகிய வட்டத்தைச் சுற்றிப் புல் கரும்பச்சையாகச் செழிப்பது அதனால்தான். பிளாஸ்டிக்கின் மேல் விழுந்த சிறுநீர் அமோனியாவாக மாறி மணக்கும். அதை உறிஞ்ச வேரும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே அடியில் மண்ணைத் தோண்டி எடுத்து, உடைத்த கல்லை இறுக்கி, நீர் வடியச் சரிவு வைக்க வேண்டும். மேலே அமோனியாவைப் பிடித்து வைக்கும் சியோலைற் துகள் தூவ வேண்டும். அதுவும் நிரம்பிவிட்டால் புதுப்பிக்க வேண்டும். அடிக்கடி கழுவவும் வேண்டும். தண்ணீர்ச் செலவு முற்றாக நின்றுவிடாது. கடும் வெயிலில் இந்தப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும். நாயின் பாதமும் பிள்ளையின் பாதமும் அதைத் தாங்கா.

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டிக் புல் போட்ட நாளிலிருந்தே அதன் பெறுமதி தேயத் தொடங்கும். கடைசியில் அகற்றுவதற்கும் செலவு. மண் செய்யும் வேலைக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை. அதனால்தான் அதை இலவசம் என்று நினைக்கிறோம். மண்ணை மூடிய பிறகு அந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துச் செய்விக்கிறோம்.

வெயில் புகாத அரங்கிலும் சீமெந்து நகரத்திலும் இந்தப் புல்லுக்கு நியாயமான இடம் இருந்தது. மாடிவீட்டின் பல்கனியில் நாய் வளர்ப்பவருக்கு இன்றும் இருக்கிறது. மண்ணும் வெயிலும் உள்ள வளவில், மூலையில் நாலு முழ இடத்தை மண்ணாக விட்டு மரத்தூள் பரப்பி, நாயை அங்கே பழக்கிப் பாருங்கள். பட்ட இடத்தில் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இவை சரிவராவிட்டால் விலை கேட்கலாம். அப்போதும் சதுர மீற்றருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கழுவ எவ்வளவு, புதுப்பிக்க எவ்வளவு, பத்துப் பதினைந்து வருடத்தில் அகற்ற எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.