கார்னெட் மின்பகுளியில் சேர்பொருளின் வேலை

லித்தியம் உலோகம் ஒரு கிராமுக்கு 3,860 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றத்தைத் தாங்கும். இன்றைய மின்கலங்களில் உள்ள கிராஃபைட் 372தான் தாங்கும். இந்தப் பத்து மடங்கு ஆதாயத்தைக் கைக்கு எட்டாமல் வைத்திருப்பவை, மின்னேற்றும்போது லித்தியத்தில் முளைக்கும் ஊசிகள். அவை எதிர்முனையைத் தொட்டால் மின்கலம் குறுக்குச்சுற்றாகிவிடும். கெட்டியான மின்பகுளி இடையில் இருந்தால் ஊசி முறிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு, பலபடி மின்பகுளிகளை முன்வைத்து மன்ரோவும் நியூமனும் 2005இல் வெளியிட்ட கணக்கு வலுவூட்டியது. மின்பகுளியின் சறுக்குக் குணகம் லித்தியத்தினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தால் போதும் என்றது அது.

2007இல் முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் அறிவித்த கார்னெட் பீங்கானான லித்தியம் லாந்தனம் சிர்கோனியம் ஆக்சைடின் குணகம் லித்தியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆனாலும் அதை ஊசி துளைத்தது. பழுதான வில்லையை உடைத்துப் பார்த்தால், வெளிறிய பீங்கானுக்குள் படிக மணிகளின் எல்லையை ஒட்டிக் கருநூல்கள் ஓடியிருக்கும். ஆகவே பீங்கானில் சிறிதளவு கலக்கும் சேர்பொருள் அதை இன்னும் கடினமாக்க வேண்டியதில்லை. எல்லைகளில் கசியும் எலக்ட்ரானை மறிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கார்னெட்டின் முதல் சேர்பொருள் யாரும் கேளாமலே வந்தது. 1200 பாகை செல்சியசுக்கு மேல் சுடும்போது அலுமினா மூசையிலிருந்து அலுமினியம் கசிந்து கலந்தது. நன்றாகக் கடத்தும் கனசதுரப் படிக அமைப்பை அறை வெப்பநிலையில் நிலைநிறுத்தியது அதுதான் என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அது மணிக்குள் செய்த உதவி. எல்லையில் எலக்ட்ரானை மறிப்பது தனி வேலை.

மேற்பரப்பின் கதை வேறு. காற்றுப்பட்ட வில்லையின்மேல் லித்தியம் கார்பனேட் படர்கிறது. அதன்மீது உருகிய லித்தியத்தை விட்டால், தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டுவிடும். கார்பனேட்டை நீக்கினால் ஒட்டிப் பரவும். 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு மிக மெல்லிய அலுமினாப் பூச்சு ஒன்றால் இடைமுகத் தடையை 1,710 ஓம்-சதுர சென்டிமீட்டரிலிருந்து 1 ஓம்-சதுர சென்டிமீட்டருக்கு இறக்கியது. பெரிய வெற்றிதான். ஆனால் தடை குறைந்ததாலேயே ஊசிகள் நின்றுவிடவில்லை.

ஏன் என்பதற்கு, அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்த நியூட்ரான் ஆய்வு விடை தருகிறது. லித்தியம் முனையிலிருந்து வளர்வதோடு நிற்காமல், கார்னெட்டின் உள்ளேயே படிகிறது. எலக்ட்ரான் கடத்தல் மிகக் குறைந்த லிபான் என்ற திட மின்பகுளிப் படலத்தில் அப்படிப் படியவில்லை. மின்பகுளிக்குள் கசியும் எலக்ட்ரானை அயனி சந்திக்கும் இடமெல்லாம் உலோகமாகிவிடும் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

இந்த அளவுகோலில் லித்தியம் ஃபுளூரைடு வலுவான சேர்பொருள்: எலக்ட்ரானை விடாது. அயனியையும் எளிதில் விடாது என்பதால் அளவு மீறக் கூடாது. லித்தியம் போரேட்டோ 700 பாகை அளவில் உருகி மணிகளுக்கிடையிலான இடைவெளிகளை நிரப்புகிறது. கீறல் வழியாக லித்தியம் நுழைவதையும் கருதினால், இந்தக் குணத்துக்குத் தனி மதிப்புண்டு.

சேர்பொருளை மெச்சும் கட்டுரைகள் பெரும்பாலும் அயனிக் கடத்துதிறனையும், இருபுறமும் லித்தியம் வைத்த சோதனைக் கலம் ஓடிய மணிக்கணக்கையும் காட்டுகின்றன. அந்தக் கலத்தில் மெல்லிய குறுக்குச்சுற்று விழுந்தாலும் மின்னழுத்தக் கோடு தட்டையாக, அழகாகவே ஓடும். எலக்ட்ரான் கடத்துதிறனை, சேர்பொருள் இட்ட வில்லைக்கும் இடாத வில்லைக்கும் தனித்தனியே அளந்து, சோதனையின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துத் தராதவரை, அந்த மணிக்கணக்கைச் சான்றாக ஏற்க எனக்கு மனமில்லை.