காளத்தியின் கோடு யாருடையது?

துணியில் எழுதுகோலால் தீட்டும் கலையைக் 'கலம்காரி' என்கிறோம். பாரசீகத்தில் 'கலம்' என்பது எழுதுகோல். 'காரி' என்பது வேலை. திருக்காளத்தியில் இதற்கு வழங்கும் தெலுங்குப் பெயர் 'வ்ராதபணி', அதாவது எழுத்துவேலை. தெலுங்கின் 'வ்ராயு', தமிழின் 'வரை' ஆகியவை ஒரே திராவிட வேரினவை. எழுதுதல், தீட்டுதல் என்னும் இருபொருளும் உடையவை. இதிகாசக் காட்சிகளைக் கட்டங்கட்டமாகத் தீட்டித் தெலுங்கில் விளக்கமும் எழுதிய கோயில் திரைச்சீலைகளுக்கு இப்பெயர் மிகப் பொருந்தும்.

கோயில்களின், ஜமீன்களின் ஆதரவு குன்றியபோது கலையும் குன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை அறிந்தோர் மிகச் சிலரே. அந்நிலையில், கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால், 1952இல் தோன்றிய அகில இந்தியக் கைவினை வாரியம் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கே ஒரு பயிற்சி மையத்தை நிறுவியது. கற்பித்தவர் ஜொன்னலகட்டா லட்சுமய்யா. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அறிவு, குடும்பத்துக்கு வெளியே வந்த மாணவர்களுக்கும் உரியதாயிற்று. லட்சுமய்யாவின் மகன் குருப்பா செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆயினும், உழைப்பைப் பகிர்வது அம்மையம் கொணர்ந்த புதுமையன்று. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் துணியை ஊறவைத்தல், புளியங்கரியால் உருவம் குறித்தல், இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கருங்கோடு இழுத்தல், சிவப்புக்குப் படிகாரம் இடுதல், பொன்முகலி ஆற்றில் அலசுதல் எனப் பல கைகள் கூடினால்தான் ஒரு சீலை முடியும். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் கோடு கறுக்கிறது. பாலின் கொழுப்பு அதனைப் பரவாமல் தடுக்கிறது. முன்னர்ப் பகிரப்படாமல் இருந்தது உழைப்பன்று, கோடு. எந்தக் காட்சியை எங்கே வைப்பது, எந்த முகத்தை எவ்வாறு இழுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையே அது.

இன்று இக்கலையில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். அனிதா ரெட்டி தொடங்கிய 'துவாரகா' அமைப்பு காளத்திப் பெண்களுக்கு இதனை வாழ்வாதாரமாக்க முனைந்தது. ஆனால் பட்டறைகள் பலவற்றில் ஆசான் கோடிழுக்க, பெண்கள் வண்ணம் நிரப்பும் பிரிவினை இன்னும் காணப்படுகிறது. வண்ணம் நிரப்புவதும் திறனே. எனினும், நிரப்புபவருக்குக் கூலி கிடைக்கிறது. பெயர் கோடிழுத்தவருக்கே சேர்கிறது.

2005இல் காளத்திக் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஊருக்குள் யாருக்கு எழுதுகோல் என்பதைத் தீர்மானிக்காது. 2022இல் காளத்தி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறிவிட்டது, சீலையின் கோடும் கைமாற வேண்டும். ஒரு கலை சமூகத்தின் உடைமையாயிற்றா என்பதை அறிய, எத்தனை பேர் அதில் உழைக்கிறார்கள் என்று எண்ணினால் போதாது. வெற்றுத்துணியில் முதற்கோட்டை இழுக்க எத்தனை பேருக்கு இடமுண்டு என்றே எண்ண வேண்டும்.