கம்பியில் வந்ததும் கப்பலில் வந்ததும்

எண்ணிய இடத்தை எண்ணிய நொடியிலே அடைய வேண்டும் என்னும் ஆசை மனித குலத்தில் மிகப் பழையது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தரைப் பற்றியும், குளிகையை வாயிலிட்டு வானிற் பறந்தவரைப் பற்றியும் நம் பாட்டிமார் கதை கதையாய்க் கூறுவர். அமெரிக்கர் அதே ஆசைக்கு இயந்திர உருவம் அளித்தனர். 1966ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், விண்கலத்து மேடைமீது நிற்கும் மனிதன் ஒளியாய்க் கரைந்து வேற்றுலகில் மீண்டும் உருப்பெறுகிறான். வாரந்தோறும் கலம் தரையிறங்குவதைப் படம்பிடிக்கப் பெரும்பொருள் செலவாகும் என்பதே அக்கற்பனை பிறந்த காரணம். சிக்கனம் ஈன்ற அற்புதம் அது!

ஆயினும் அதனுள் அரிய கருத்தொன்று உண்டு. மனிதனை அனுப்பாது, அவனைப் பற்றிய செய்தியை மட்டும் அனுப்பி, அதனைக் கொண்டு அங்கே அவனை ஆக்குவது என்பதே அது. செய்தி வேறு, அதனைச் சுமக்கும் பொருள் வேறு என்னும் இவ்வுண்மையைப் பினாங்கு மக்கள் 1870ஆம் ஆண்டின் இறுதியில் கண்கூடாகக் கண்டனர். சென்னையிலிருந்து கடலடியில் இட்ட தந்திக் கம்பி அப்பொழுதுதான் இத்தீவை வந்தடைந்தது. அக்காலக் கடற்கம்பிகளில் நீர் புகாமற் காத்தது, மலாய்க் காட்டு மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சா.

அதற்கு முன் கடிதமும் மனிதனும் ஒரே கப்பலில் வந்தனர். பின்னரோ, செய்தி பறந்தது. மனிதன் கப்பலிலேயே கிடந்தான். நாகப்பட்டினத்தில் ஏறிய தொழிலாளி, கப்பலின் தளத்திலே காற்றையும் மழையையும் தாங்கி, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே பினாங்குத் துறையைக் கண்டான். தொற்றுநோய்க்கு அஞ்சி ஜெரஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டோரும் உண்டு. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் 1973 வரை இக்கடலில் ஓடியது. தாய் இறந்தாள் என்னும் தந்தி விரைந்து வரும். மகன் ஊர் சேர்வதற்குள் சிதை ஆறியிருக்கும். கம்பி துயரை முந்தித் தந்ததேயன்றி, உடலை ஒரு சாணும் நகர்த்தவில்லை.

இனி, மனிதனையே தந்தியாக்க இயலுமா? தந்தி என்பது நகல். சென்னையில் எழுதிய தாள் அங்கேயே தங்கும். பினாங்கில் குமாஸ்தா வேறொரு தாளில் எழுதுவார். மனிதனை இவ்வாறு அனுப்பின் இங்கொருவனும் அங்கொருவனுமாக இருவராவர். இங்குள்ளவனை அழித்துவிட்டால், அது பயணமோ, கொலையோ?

1993இல் அறிஞர் அறுவர் இதற்கு ஒரு வழி வகுத்தனர். ஒரு நுண்துகளின் நிலையைத் தொலைவிலுள்ள மற்றொரு துகளுக்கு மாற்றலாம். மாற்றும்போதே மூலத்தின் நிலை குலைந்துவிடும். ஆதலின் நகல் இல்லை. 1997இல் ஒளித்துகளைக் கொண்டு இது மெய்ப்பிக்கப்பட்டது. 2017இல் சீனர் செயற்கைக்கோள் வாயிலாக 1,400 கிலோமீட்டர் வரை செய்து காட்டினர். ஆனால் பெறும் துகள் அங்கே முன்னரே காத்திருத்தல் வேண்டும். அன்றியும், சாதாரணச் செய்தியொன்று கம்பி வழியாகவோ வானொலி வழியாகவோ உடன்செல்லுதல் வேண்டும். பழைய தந்தி இன்னும் ஓயவில்லை! மேலும், மனித உடலில் உள்ள அணுக்களை எண்ணினால், 7-க்குப் பின் 27 சுழிகள் இடவேண்டும்.

ஆகவே, உடல் இன்றும் வழிநடந்தே தீரவேண்டும். குளிகைக்கும் மேடைக்கும் காத்திராமல், தளத்திலே கிடந்து கடல் கடந்தவர்களே இந்நகரின் துறைமுகத்திலும் தெருக்களிலும் உழைத்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கம்பி சுமக்கவில்லை. நாமாவது நினைவிற் சுமப்போமாக.