பதினைந்து நாள் தாமதம்

பால்மரம் சீவும்போது கத்தி பட்டுக் கையில் காயம் ஏற்பட்டால், அதை எல்லாரும் பார்க்கிறார்கள். டிரெசர் கட்டுப் போடுகிறார். கிராணி புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். பின்னால் இழப்பீடு கேட்கும்போது, காயமும் சாட்சி, புத்தகமும் சாட்சி. ஆனால் மனத்தில் பட்ட காயத்தை யார் பார்ப்பார்கள்? எந்தப் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள்? போர்முனையிலிருந்து மனம் கலங்கித் திரும்பிய வீரர்கள் எல்லா நாடுகளிலும் எதிர்நோக்கிய கேள்வி இதுதான். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடினார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

கதை 1864ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊனமுற்ற வீரர்களுக்குப் பென்சன் வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்தப் பென்சனில் பெரும் பங்கைச் சிலர் பிடுங்கிக்கொண்டார்கள். இதைத் தடுக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வீரரின் மனுவுக்காக வாதாடும் வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் கூலி வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால் காலம் மாறியது, விலைவாசி ஏறியது; அந்தப் 10 டாலர் மட்டும் மாறவில்லை. 120 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது! இருபதாம் நூற்றாண்டில் 10 டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? முன்னாள் வீரர்களின் சங்கங்கள் இலவசமாக உதவி செய்தன. அவைதான் பலருக்குத் துணையாக இருந்தன.

1933இல் வாஷிங்டனில் முன்னாள் போர்வீரர் மேல்முறையீட்டு வாரியம் அமைக்கப்பட்டது. மனு நிராகரிக்கப்பட்டால் இந்த வாரியத்திடம் முறையிடலாம். ஆனால் வாரியமும் அதே இலாகாவைச் சேர்ந்ததுதான். வாரியம் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் தரவில்லை. மண்வெட்டியைத் திருடியவனுக்குக்கூட நீதிபதி முன் நிற்கும் உரிமை உண்டு; நாட்டுக்காகப் போரிட்டவனுக்கு அந்த உரிமை இல்லை.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் மனநோயாளிகள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பலருக்கு இரவில் தூக்கம் இல்லை. சிறு சத்தம் கேட்டாலும் உடல் நடுங்கியது. குடும்பத்தோடு ஒட்ட முடியவில்லை. ஆனால் அந்த நோய்க்கு முறையான பெயர் இல்லை. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், 'பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்' என்ற பொருளில் ஒரு பெயரைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. இலாகாவும் அதை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றுக்கொண்டது. வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் அந்த நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தனர் என்று 1988இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது.

அதே 1988இல்தான் நீதிமன்றத்தின் கதவும் திறந்தது. முன்னாள் வீரர்களின் முறையீட்டுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் அமைக்கச் சட்டம் இயற்றினார்கள். 10 டாலர் கட்டுப்பாடும் ஒழிந்தது. இந்த நீதிமன்றத்துக்கு வீரர்தான் போகலாம். வாரியம் வீரருக்குச் சாதகமாக முடிவு செய்தால், அதை எதிர்த்து இலாகா போக முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வாரியத்தின் முடிவுக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 120 நாளைக்குள் முறையீடு வந்து சேர வேண்டும்.

இந்த 120 நாளில் அகப்பட்டுக்கொண்டவர்தான் டேவிட் ஹெண்டர்சன். கொரியப் போர்க்காலத்தில் இராணுவத்தில் இருந்தவர். பிறர் தமக்குத் தீங்கு செய்யச் சூழ்கிறார்கள் என்ற அச்சம் விடாமல் வாட்டும் கடுமையான மனச்சிதைவு நோய் அவரைப் பற்றியது. 1952இல் அவரை விடுவித்தபோது, 100 விழுக்காடு ஊனமுற்றவர் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, வீட்டிலேயே தம்மைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவை என்று 2001இல் கூடுதல் உதவி கேட்டார். இலாகா மறுத்தது. 2004 ஆகஸ்டில் வாரியமும் மறுத்தது. அவர் நீதிமன்றத்துக்கு முறையிட்டார். ஆனால் மனு போய்ச் சேர்ந்தது 2005 ஜனவரி 12ஆம் தேதி. கெடு முடிந்து 15 நாள் ஆகியிருந்தது.

தாமதத்துக்குக் காரணம் தம்முடைய நோய்தான் என்றார் ஹெண்டர்சன். இது நியாயமான காரணம் அல்லவா? கடும் மனநோயால் கெடு தவறினால் விலக்கு அளிக்கலாம் என்று 2004இல் ஒரு மேல் நீதிமன்றமும் சொல்லியிருந்தது. ஆனால் 2007இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான ஒரு தீர்ப்பு அளித்தது. சட்டமே வகுத்த கெடு தாண்டிப்போனால், எந்தக் காரணம் சொன்னாலும் அந்த முறையீட்டை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்றது. அந்தத் தீர்ப்பு வீரர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி, 2008இல் ஹெண்டர்சனின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். 2009இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எந்த நோய்க்காக உதவி கேட்டாரோ, அந்த நோயே அவருக்கு எதிராகத் திரும்பியது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆனால் முடிவைக் கேட்க ஹெண்டர்சன் இல்லை. 2010 அக்டோபரில் அவர் காலமானார். அவருடைய மனைவி டொரீத்தா அவருக்குப் பதிலாக வழக்கைத் தொடர்ந்தார். 2011 மார்ச் முதல் தேதி தீர்ப்பு வந்தது. விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் டொரீத்தாவின் பக்கம் நின்றார்கள். முன்னாள் வீரருக்கு உதவுவதற்காகவே ஏற்படுத்திய முறை இது. சாதாரண வழக்குக்குரிய கண்டிப்பை இங்கே கொண்டுவரச் சட்டமன்றம் எண்ணவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்த நீதிமன்றம் முழுமையாக விசாரித்து முடித்த வழக்குகளில் சுமார் 79 விழுக்காட்டில் வீரர்களுக்கு ஏதோ ஒரு வகையில் நிவாரணம் கிடைத்திருந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். அப்படியானால் முதல் முடிவுகளில் எத்தனை பிழை இருந்திருக்க வேண்டும்! கதவைச் சாத்தியிருந்தால் அந்தப் பிழைகள் வெளியே தெரிந்தே இருக்காது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெண்டர்சனுக்குப் பணம் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிடவில்லை. கெடு தாண்டியதாலேயே வழக்கு செத்துவிடாது என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டில், தக்க காரணம் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம் என்று வீரர்களின் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இனிமேல் வருகிற மனநோயாளிகளுக்கு அது வழியாயிற்று.

வேறு மாற்றங்களும் வந்தன. முன்பு, நேரடிச் சண்டையில் ஈடுபடாத லாரி ஓட்டுநரோ சமையற்காரரோ, தம்மைக் கலக்கிய சம்பவத்தை வேறு ஆதாரங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2010 ஜூலை முதல், எதிரியின் தாக்குதல் பற்றிய அச்சம் அவர் பணியாற்றிய இடத்துக்கும் சூழ்நிலைக்கும் பொருந்தி, இலாகாவின் மனநல மருத்துவரும் உறுதிசெய்தால், வீரரின் வாய்மொழியே போதும் என்றானது. 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள் உண்டு: புதிய ஆதாரத்தோடு மீண்டும் மனுச்செய்யலாம், மூத்த அதிகாரியின் மறுபார்வையைக் கேட்கலாம், அல்லது வாரியத்திடம் முறையிடலாம். பிந்திய இரண்டுக்கும் ஓராண்டுக் கெடு.

நேயர்களே, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் இந்த வரலாற்றில் நமக்கும் பாடம் உண்டு. 'இல்லை' என்று வரும் முதல் கடிதம் கடைசிக் கடிதம் அல்ல. அதைக் கசக்கி எறியாமல், அதில் உள்ள தேதியையும் கெடுவையும் பாருங்கள். கடித உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடமோ, சங்கத்து ஆளிடமோ அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் ஒருவர் மனம் கலங்கி உட்கார்ந்திருந்தால், நாள் எண்ண அவரால் முடியாது. அவருக்காக நாம்தான் எண்ண வேண்டும். டொரீத்தா தம் கணவருக்காக அதைத்தான் செய்தார்.