இலங்கையின் வரவு செலவுச் சமநிலை

சுதந்திரம் பெற்ற காலம் முதல் பெரும்பாலான ஆண்டுகளில் இலங்கைத் திறைசேரி பற்றாக்குறையிலேயே இயங்கி வந்துள்ளது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரிசி மானியம் என நலன்புரிச் செலவுகள் முன்கூட்டியே வேரூன்றின. அவற்றுக்கு ஈடான வரி வருமானம் வளரவில்லை.

செலவைக் குறைத்துச் சமன்செய்யும் முதல் பெரிய முயற்சி 1953இல் நடந்தது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அரிசி மானியத்தை வெட்டியதால் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. பாடசாலை மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட நேர்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். அதன்பின் மானியத்தில் கைவைக்க அரசுகள் அஞ்சின. கடன் வாங்குவது எளிய வழியாயிற்று.

2019இன் தவறு வேறு வகை; அது வருமானப் பக்கத்தில் நேர்ந்தது. கோட்டாபய ராஜபக்ச அரசு அந்த டிசம்பரில் பெறுமதி சேர் வரியை (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வற் பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பை 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடியாக உயர்த்தியது. ஓரிரு ஆண்டுகளில் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதமளவுக்குச் சரிந்தது. கொரோனா பாதிப்பைக் கூட்டியது உண்மையே. ஆனால் வருமானத்தின் அடித்தளம் அதற்கு முன்பே பெயர்க்கப்பட்டிருந்தது. பற்றாக்குறையை ஈடுகட்ட மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. ஏழைக் குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவிக்குப் பதிலாக வந்த 'அஸ்வெசும' திட்டம் தொடக்கத்தில் குடும்ப நிலைக்கேற்ப மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை வழங்கியது. வட்டியைச் சேர்க்காமல் கணக்கிட்டால் 2023இலேயே வரவு செலவுக் கணக்கில் மிகை கிடைத்தது.

இந்த மீட்சியின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம். அதுவரை விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் அது விதிக்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்குத் தோட்டத் தொழிலாளியும் கொழும்பு வணிகரும் செலுத்தும் வரி ஒன்றே.