கொரியாவில் நம்மவர் ஆற்றிய தொண்டு

போர்க்களம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன பீரங்கியும் விமானமுமே. ஆயின், பிறரைப் புண்படுத்துவதற்காக அன்றி, புண்பட்டோரைக் காப்பதற்காகவே கடல் கடந்து சென்ற படையொன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. அதனை நடத்திச் சென்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழர். தார்நாகாவில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. 1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் வடகொரியப் படைகள் தெற்கே புகுந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவின் தலைமையில் 16 நாடுகள் போர்ப்படை அனுப்பின. துருக்கி ஒரு பெரும் படைப்பிரிவையே அனுப்பிற்று. லக்சம்பர்க் ஒரு சிறு அணியை அனுப்பிற்று. எத்தியோப்பியா, கொலம்பியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகியவையும் பங்கு கொண்டன. கொள்கை ஒன்றே எல்லோரையும் இழுத்தது எனல் பொருந்தாது. வட அட்லாண்டிக் கூட்டணியில் இடம் பெற விழைந்த துருக்கி, 1952இல் அதனைப் பெற்றது.

இந்தியா என்ன செய்தது? படையெடுப்பைக் கண்டித்த முதல் தீர்மானத்தை ஆதரித்தது. அமெரிக்கத் தலைமையில் கூட்டுப்படை அமைத்த ஜூலை 7ஆம் நாள் தீர்மானத்தில் வாக்களியாது விலகி நின்றது. விடுதலை பெற்று மூன்றாண்டும் நிரம்பாத நாடு, வல்லரசுகளின் பகைக்குள் சிக்க விரும்பவில்லை. எனினும் கைகட்டி நிற்கவும் மனம் ஒப்பவில்லை. டென்மார்க், சுவீடன், நார்வே, இத்தாலி ஆகிய நாடுகளைப் போல, மருத்துவப் படையை அனுப்ப முடிவு செய்தது.

லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் படை, 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. அதில் ஏறத்தாழ 350 பேரே இருந்தனர். ஒரு பகுதி காமன்வெல்த் படையுடன் போர்முனைக்குச் சென்றது. மற்றொரு பகுதி தேகு நகரில் தங்கிக் கொரிய வீரர்க்கும் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது.

சீனப் படைகள் பாய்ந்து வரவே, பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கினர். நம்மவர்க்கோ போதிய வண்டிகள் இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுச் செல்ல ரங்கராஜ் இசையவில்லை. கருவியில்லா மருத்துவனால் யாருக்கு என்ன பயன்? கேட்பாரற்றுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டு, அனைத்தையும் ஏற்றித் தாமே ஓட்டிக்கொண்டு தெற்கே மீண்டனர். லாலாகுடா ரயில்வே பணிமனையை அருகில் கொண்ட நமக்கு, அது எத்துணை அரிய செயல் என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1951 மார்ச் 23ஆம் நாள், அமெரிக்க வான்குடைப் படையினருடன் நம்மவர் பன்னிருவர் மூன்சான்னி என்னுமிடத்தில் வானிலிருந்து குதித்து, அங்கேயே அறுவை மருத்துவம் புரிந்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது.

மருந்துப் பெட்டியும் ஒரு பக்கத்துப் படையோடுதானே சென்றது, இது நடுநிலையாகுமா என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. அதற்கு விடை 1953இல் கிடைத்தது. ஜூலை 27இல் போர் நின்றபின், தாயகம் திரும்ப மறுத்த 22,000க்கு மேற்பட்ட வடகொரிய, சீனக் கைதிகளை யாரிடம் ஒப்படைப்பது என்ற சிக்கல் எழுந்தது. பகைகொண்ட இரு தரப்பும் ஒப்பிய நாடு இந்தியாவே. ஐந்து நாடுகளின் ஆணைக்குழுவுக்கு ஜெனரல் திம்மையா தலைவரானார். ஏறத்தாழ 6,000 இந்திய வீரர் காவலேற்றனர்.

நடுநிலைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. இந்திய வீரர் தம் மண்ணை மிதிக்கவும் கூடாது என்றார் தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ. எனவே அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றி, படைநீக்கப் பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று. கைதிகளின் கூச்சலையும் கல்லெறியையும் நம் வீரர் பொறுத்தனர். இறுதியில், இரு பக்கமும் செல்ல விரும்பாத 88 பேர் 1954இல் நம் படையுடன் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தனர்.

நடுநிலை என்பது ஒதுங்கி நிற்றல் அன்று. இருவராலும் ஐயுறப்பட்டும், இருவர்க்கும் பயன்படுதலே ஆகும். பிறமொழி பேசும் நன்மக்களிடையே வாழும் நாம், இதனை நம் பிள்ளைகட்கு எடுத்துச் சொல்வோமாக. ரங்கராஜ் என்னும் பெயரும் அவர்கள் நெஞ்சில் நிலைத்திருப்பதாக!